புற்றுக்கே விட்ட வேர்

எனக்கு வாய் நீளம் என்று என் மாமியார் பவுனம்மாள் எங்கள் ஊர் கிள்ளான் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பொய்யில்லை. அந்த நீள வாய்தான் ஒரு மழைநாளில் காளான் குழம்பு கேட்டது.

எண்பத்து நான்காம் வருஷம், தீபாவளி முடிந்த கையோடு. எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். பள்ளியில் ஆறாம் படிவத்துக்கு, பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்புக்கு, உயிரியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வாசு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மசக்கை முடிந்தும் என் நாக்கு மட்டும் அடங்கவில்லை. வாசலில் மண் வாசனை எழுந்தபோது, "இந்நேரம் புற்றுக்காளான் முளைச்சிருக்கும்ல?" என்று சும்மாதான் சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது அத்தையின் வேதம். மறுநாள் விடிந்ததும் முதல் பஸ் ஏறிவிட்டார்.

அவர் போனது சுங்கை பூலோ பக்கம், தான் வயசெல்லாம் பால் மரம் சீவிய ரப்பர் தோட்டத்துக்கு. தோட்டம் அப்போது தோட்டமாக இல்லை. வீடமைப்புக்காரனுக்கு விற்று, பாதி மரத்தைச் சாய்த்து, மண்வாரி இயந்திரம் விட்டு மேடு பள்ளத்தை ஒன்றாக்கி வைத்திருந்தார்கள். அத்தை வருஷா வருஷம் காளான் எடுத்த புற்றும் தரைமட்டமாகியிருந்தது. ஆனாலும் அந்த இடம் அவருக்குத் தெரியும். அதே இடத்தில், சாய்ந்த மரத்துக்குப் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று காளான்கள் குடை விரித்து நின்றன. அத்தைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கத்தியால் மண் மட்டத்தோடு அறுத்தெடுத்தார். தோட்டத்து வழக்கம் அது. புற்று அம்மன் குடியிருக்கும் வீடு, அதைத் தோண்டக் கூடாது. குடையும் காம்பும் நமக்கு, வேர் புற்றுக்கு. வேரை விட்டு வைத்தால் அம்மன் அடுத்த வருஷமும் கொடுப்பாள். வீட்டுக்கு வந்து, கொதிக்கிற குழம்பில் ஒரு வெள்ளிக் காசையும் போட்டுப் பார்த்தாராம். விஷமென்றால் காசு கறுக்குமாம். கறுக்கவில்லையாம்.

அத்தை கந்த சஷ்டி விரதத்தில் இருந்தார், பாலும் பழமும்தான். வாசுவுக்குக் காளான் என்றாலே ஆகாது. ஆகவே குழம்பு முழுவதும் எனக்கு வந்தது. பொய் சொல்வானேன், அத்தனை ருசி. சட்டியை வழித்து நக்கினேன்.

மறுநாள் விடியும்போது வயிறு புரட்டியது. வாந்தியும் பேதியுமாக என்னை அரசாங்க மருத்துவமனையில் சேர்த்தார்கள். நீர் ஏற்றினார்கள். அடுத்த நாள் காலையில் எல்லாம் நின்றுபோய், எனக்குப் பசிகூட எடுத்தது. வீட்டுக்கு விடச் சொல்லி நான் தாதியிடம் வாயடித்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் புனிதவதி வந்தார். யாழ்ப்பாணத்து அம்மாள். காதோரம் நரை, கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி.

"என்ன சாப்பிட்டனீர், பிள்ளை?"

"காளான் குழம்பு டாக்டர்."

"எப்ப?"

"முந்தாநாள் மத்தியானம்."

"சத்தி எப்ப எடுத்தனீர்?"

"வாந்தி நேத்து விடியக்காலைலதான் டாக்டர். இப்ப நல்லா இருக்கேன்லா. வீட்டுக்குப் போறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சாப்பிட்ட கையோட வயித்தைக் கலக்கியிருந்தா நான் சிரிச்சுப்போட்டு உம்மை வீட்டுக்கு அனுப்பியிருப்பன். இது அரை நாளுக்கு மேல பேசாமல் இருந்திருக்கு. எனக்கு அது பிடிக்கேல்லை."

கட்டிலின் காலடியில் நின்றிருந்த அத்தை டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். நான்தான் சட்டியையே நக்கியிருந்தேனே. "அப்ப பிடுங்கின இடத்துக்குப் போங்கோ. மண்ணுக்குள்ள மிஞ்சினதைத் தோண்டிக் கொண்டு வாங்கோ."

வாசு அத்தையை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை வாசு பிறகுதான் சொன்னார். மண்ணில் கை வைக்க வாசுவுக்கே துணிவு வரவில்லையாம். அத்தை அந்த மொட்டைத் தரையில் விழுந்து கும்பிட்டார். "ஆத்தா, உன் வீட்டைத் தோண்டப் போறேன், என்னைக் கேளு, அந்தப் புள்ளைய விட்ரு" என்றார். பிறகு விரலாலேயே தோண்டினார்.

மாலையில் ஒரு துண்டை என் கட்டிலில் வைத்து அவிழ்த்தார்கள். ஈரமண்ணோடு ஒரு வெள்ளைக் கிண்ணம் இருந்தது, உடைந்த முட்டை ஓடு மாதிரி. அதற்குள் அறுபட்ட அடிக்காம்பு. புற்றுக்காளானுக்கு இப்படிக் கிண்ணம் கிடையாது. அதற்கு நீண்ட வால் ஒன்று மண்ணுக்குள் இறங்கிப் போகும். அத்தை இத்தனை வருஷமும் அந்த வாலைப் பார்த்ததில்லை, ஏனென்றால் அதைத்தான் ஒவ்வொரு வருஷமும் அம்மனுக்கு விட்டுவிட்டு வந்தார். ஆளைக் காட்டிக்கொடுக்கிற அடையாளம் முழுக்க அந்தத் துண்டு வேரில்தான் இருந்தது.

அது எந்தக் காளான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையில் இந்த விஷத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். தேர்வுக்கு வராது என்று அன்று கொட்டாவி விட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரம் முன்புதான் உயிரணு புரதம் செய்கிற பாடத்தை வகுப்பில் நடத்தினேன். பாடம் மலாய் மொழியில், கையில் ஒரு மல்லிகைச் சரம். நான் பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸில், தண்டவாளத்தை ஒட்டிய சந்தில். எங்கள் வீட்டுக்கு எதிரே தனலெட்சுமி அக்காவின் பூக்கடை. அக்கா உள்ளறையை விட்டு வெளியே வரவே மாட்டார், வெயில் ஆகாது. எந்தக் கோயிலுக்கு எந்த மாலை, எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தி உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று சொல்வாள். வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் அவள் சொல்லச் சொல்லத் தொடுப்பார்கள்.

உயிரணுவும் அப்படித்தான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். உள்ளறையை விட்டு வெளியே வராத அக்காதான் டி.என்.ஏ. கேட்டுக்கொண்டு வந்து சொல்பவள் ஆர்.என்.ஏ. அவளிடம் இருப்பது நான்கே எழுத்து. மூன்று எழுத்தைச் சேர்த்துச் சொன்னால் ஒரு பூ. ஒவ்வொரு பூவுக்கும் கூடை சுமக்கிற ஒருத்தி உண்டு, தன் மூன்றெழுத்தைக் கேட்டதும் எழுந்து வந்து ஒரு பூவை நீட்டிவிட்டுப் போவாள். தொடுக்கிறவர் தொடுத்துக்கொண்டே போவார். "போதும்" என்கிற மூன்றெழுத்து வந்ததும் நாரை அறுத்துவிடுவார். அந்த மாலைதான் புரதம். அது தானாகவே சுருண்டு மடங்கித் தனக்கென்று ஓர் உருவம் எடுக்கும். ரத்தத்தை உறைய வைக்கிற மாலை ஒன்று, சோற்றைச் செரிக்க வைக்கிற மாலை ஒன்று, நகமாகிற மாலை ஒன்று. நாம் எல்லோரும் அந்த மாலைகள்தான் என்றேன். பின் வரிசையில் ஒருத்தன் "அப்ப சிக்கு, வாடிப் போயிடுவோமா?" என்று கேட்டான். டீச்சரை எங்கள் பிள்ளைகள் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இந்தக் காளானின் விஷம் என்ன செய்யுமென்றால், உள்ளறையில் அக்கா சொல்வதைக் கேட்டு நகலெடுக்கிற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அக்காவை ஒன்றும் செய்யாது. தொடுக்கிறவர்களையும் ஒன்றும் செய்யாது. கேட்டு வருகிற ஒருத்தியை மட்டும் நிறுத்திவிடும். முன்பே வெளியே வந்த சேதிகளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேலை நடக்கும். அதனால்தான் எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. அதிகம் அடிபடுவது ஈரல்.

டாக்டர் மருந்து ஏற்றத் தொடங்கினார். மறுநாள் என் கண் மஞ்சளானது. அதன்பின் பகலும் கனவும் எனக்கு ஒன்றாகிவிட்டன.

கனவில் நான் பிரிக்பீல்ட்ஸ் சந்தில் நிற்கிறேன். உச்சி வெயில். ரயில் போகிறது, சத்தம் மட்டும் இல்லை. பூக்கடையில் எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் வாழைநார், மடியில் அரைகுறை மாலை. மல்லிகைக்காரி, அரளிக்காரி, துளசிக்காரி எல்லோரும் நிறைந்த கூடையோடு நிற்கிறார்கள். யாரும் அசையவில்லை. எல்லோர் முகமும் உள்ளறை வாசலைப் பார்த்திருக்கிறது. வாசலில் சேதி சொல்லும் பெண் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைக் குடை பிடித்த யாரோ, மிகவும் மரியாதையாக, அவள் தொண்டையில் இரண்டு விரலை வைத்திருக்கிறார்கள். உள்ளே அக்காவின் குரல் கேட்கிறது. அக்கா சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது.

கடைக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்து, என் உயரத்துக்குப் பாதியில் ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் வேறொரு கடை இருப்பது எனக்குத் தெரியும். இன்னும் விரலையும் இமையையும் முழுசாகத் தொடுத்து முடிக்காத கடை. அங்கேயும் குடை பிடித்தவர்கள் போய்விட்டார்களா? கதவில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

விழித்தால் பின்மதியம், விசிறி சுற்றுகிறது. வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். தீபாவளி அன்றுதான் பிள்ளை முதல் தடவை அசைந்தது. நான் மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து அசையவில்லை. இதயம் துடிக்கிறது என்று டாக்டர் மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டுச் சொன்னார். ஆனால் துடிக்கிற இதயத்துக்கும் மாலை வேண்டுமே. எல்லாமே தொடுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் சேதி நின்றுபோனால் அந்தப் பிள்ளை என்னவாகும்? நான் பயந்தேன். அவ்வளவு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"டாக்டர், விஷம் பிள்ளைக்கும் போயிருக்குமா?"

"தெரியாது, பிள்ளை. போகாதெண்டு சொல்லுறவையும் இருக்கினம். நான் கண்ணால கண்டதில்லை. பொய் சொல்ல மாட்டன்." கட்டிலில் உட்கார்ந்தார். "முதல்ல உம்மட ஈரல் எழும்ப வேணும். அது எழும்பாட்டி நீரும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஐஞ்சு மாசத்தில வெளியில எடுத்து வளர்க்க ஒருத்தராலும் ஏலாது."

அவர் என் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டார். அதைத் தன் உள்ளங்கைச் சூட்டில் பொத்தி வைத்திருந்து, சற்று நேரம் கழித்துச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. மறுபடி பொத்தி, மறுபடி சாய்த்தார். மறுபடி ஓடியது. உறைய வைக்கிற மாலையைத் தொடுப்பது ஈரல். சேதி வரவில்லை, மாலை இல்லை. பாடப் புத்தகத்தின் ஒரு பக்கம் அவர் கைக்குள் சிவப்பாக ஓடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேற ஆக்களின்ர ரத்தத்தில இருந்து ஏத்தினா இது உறையும்," என்றார். "ஆனா அது உம்மட ஈரலின்ர வேலையோ, அவையின்ர வேலையோ எண்டு எனக்குத் தெரியாமப் போகும். ரத்தக் கசிவு பெருசா வந்தா உடன ஏத்துவன். வரும்வரை பாத்திருப்பம்."

அன்று பார்வை நேரத்தில் வாசு முதல் தடவையாகத் தன் அம்மாவிடம் கத்தினார். "யாரும்மா உங்கள அங்க போகச் சொன்னது? பாசார்ல காய்கறி இல்லையா?" வார்டே திரும்பிப் பார்த்தது.

கத்தினால் கத்துகிற பெண்மணி அத்தை. என்னோடு உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டவர். அன்று சுவரை ஒட்டி நின்று, தோண்டிய விரல்களின் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க கேட்டேன்," என்றேன். "திங்கிறப்ப இனிச்சுச்சு. அவங்கள எதுக்கு ஏசறீங்க?"

அத்தை எதையும் கேட்டமாதிரி தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் அடுப்படிக்குள் போகவில்லையாம். வாசு ஒட்டுக்கடையில் ரொட்டி வாங்கி வந்து கெஞ்சிப் பார்த்தும் பாதியைத்தான் பிட்டுத் தின்றாராம். சஷ்டி விரதம் அதற்குள் முடிந்திருந்தது.

மறுநாளும் குழாயில் ரத்தம் ஓடியது. ஈறில் லேசாகக் கசியத் தொடங்கியது. டாக்டர் பஞ்சால் துடைத்தார். "நாளைக்குக் காலமை வரை பாப்பம்" என்று மட்டும் தாதியிடம் சொன்னது காதில் விழுந்தது.

மறுபடியும் அந்தச் சந்து. இந்த முறை பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. நான் கடைக்குள் போய்ச் சேதி சொல்லும் பெண்ணின் முன்னால் உட்கார்ந்தேன். அவள் முகம் என் முகம்தான், பள்ளிக்கூட வயசில் இருந்த முகம். திட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் கனவென்று பார்க்க மாட்டேன். "வாயத் திற, வீட்ல அவ்வளவு பேசுவே, இங்க என்ன? அக்கா தொண்டை வறளச் சொல்லிக்கிட்டிருக்காங்க, கேக்கலையா?" வெள்ளைக் குடைக்காரர் சங்கடப்பட்டமாதிரி தலையைத் திருப்பிக்கொண்டார். வந்த வேலை முடியாமலும், இருக்கப் பிடிக்காமலும் நிற்கிற விருந்தாளி போல இருந்தார். தெருக்கோடியில் மழை வந்தது. குடையின் ஓரம் கரையத் தொடங்கியது. முதலில் ஓரம், பிறகு காம்பு, கடைசியாக அந்த இரண்டு விரல்.

பெண் இருமினாள். பிறகு கரகரத்த குரலில் முதல் மூன்றெழுத்தைச் சொன்னாள். எந்த மாலையானாலும் தொடங்குகிற அதே மூன்றெழுத்து. ஒரு கூடைக்காரி எழுந்து நடந்தாள். கடை முழுவதும் வாழைநார் உரசுகிற சத்தம், மழையை விடச் சன்னமாக, ஆனால் நிற்காமல் கேட்டது.

"பிள்ளை. கண்ணைத் திறவும்."

காலை வெளிச்சம். டாக்டர் புனிதவதி என் முகத்துக்கு நேரே குழாயைப் பிடித்திருந்தார். சாய்த்தார். இன்னும் சாய்த்தார். தலைகீழாகவே கவிழ்த்தார். ரத்தம் அடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

"உம்மட சொந்த வேலை," என்றார். குழாயைத் தாதியிடம் காட்டினார், பக்கத்துக் கட்டில் சீன அம்மாளிடம் காட்டினார், வாசலில் நின்ற அத்தையிடமும் போய்க் காட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் கஞ்சி குடிக்கலாம்."

வாசு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அழவில்லை. எனக்கு இன்னும் ஒரு கதவு திறக்கவில்லை. பிள்ளை அசையவில்லை.

மறுநாள் காலை முழுக்கக் கஞ்சிக்குக் காத்திருந்தேன். மத்தியானப் பார்வை நேரத்தில் வாசு மட்டும் வந்தார். அத்தை வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், தூக்குச்சட்டி மடியில் இருக்கிறது, கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார் என்றார். எனக்கோ குடலைப் பிடுங்குகிற பசி. ஆஸ்பத்திரிப் பால் வந்தது, அதைத் தொடவில்லை. வீம்பு பிடிப்பதில் நானும் அத்தைக்குச் சளைத்தவள் இல்லை.

பொழுது சாய்ந்து சாயங்காலப் பார்வை மணி அடித்த பிறகுதான் அத்தை உள்ளே வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். ஒரு கரண்டி எடுத்து, ஊதாமல், என் வாயருகே கொண்டுவந்தார். நான் குடித்தேன். பசி வேறு, கோபம் வேறு. வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது.

"என்ன அத்தை, கஞ்சி புளிச்சிருக்கு?"

"காலைலயே வச்சது, தாயி."

"காலைல வச்சத இப்பவா கொண்டு வருவாங்க? மத்தியானமே வந்து வெளியில உக்காந்திருந்தீங்களாமே?"

அத்தை கரண்டியைத் தூக்குக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

"விடியறப்பவே இதுல ஒரு கிண்ணம் நான் குடிச்சிட்டேன். விஷம்னா அரை நாள் பேசாம இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. அதான் உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "எனக்கு ஒண்ணும் ஆகல. நீ குடிக்கலாம்."

அதில் இருந்தது அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். அதைக் குடித்துவிட்டு, பொழுது சாயும்வரை அந்த பெஞ்சில் தன் சாவுக்குக் காத்திருந்திருக்கிறார்.

ஊரெல்லாம் அறிந்த என் நீள வாய் அடைத்துப்போனது அன்று ஒருநாள்தான். தூக்குச்சட்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன். கரண்டி வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கி, அந்தப் புளித்த கஞ்சியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன்.

கடைசி மடக்கு இறங்கும்போது, விலாவுக்குக் கீழே யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டினார்கள். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை, இன்னும் பலமாக.

அத்தையின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். மண் இன்னும் போகாத அந்த நகங்களை அவர் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"அத்தை," என்றேன், "புள்ள பசியாறுது."